கும்பளங்கி வானமும் ஒரு லோன் ஃபைலும்

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கும்பளங்கியில் எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். காயல் பக்கமிருந்து நேவியின் டார்னியர் விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இது தினமும் இப்படித்தானாப்பா?" என்றாள். "முன்னாடி இதைவிட அதிகமாம்மா, இப்ப குறைஞ்சு போச்சு" என்றார் பக்கத்து வீட்டுச் சேட்டன், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக.

அவர் சொன்னது சரிதான். கொச்சியின் பயணிகள் விமானமெல்லாம் ஒரு காலத்தில் இங்கே, வெலிங்டன் தீவில்தான் இறங்கியது. இன்று எல்லாம் நெடும்பாசேரிக்குப் போய்விட்டது. அப்படியானால் சத்தம் எங்கே போயிற்று என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு அண்ணாச்சி வந்து யோசிக்க வைத்தார். அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். நான் பி.காம். படித்தவன். சரித்திரத்தைக் கணக்கு மாதிரிதான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சிக்கு 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேய இன்ஜினியர் வந்தார். பெரிய கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தினார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம்தான் வெலிங்டன் தீவு. வைஸ்ராயாக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். துறைமுக வேலையாக வருகிறவர்களுக்காக 1936-ல் அங்கே சின்னதாக ஒரு விமான ஓடுதளம் வந்தது. அடுத்து இரண்டாம் உலகப் போர். ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1953 மே 11-ல் ஐ.என்.எஸ். கருடா என்ற பெயரில் இந்தியக் கடற்படையின் முதல் விமானத் தளமானது. பயணிகள் விமானங்கள் அதில் ஒரு ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின.

வரைபடத்தில் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு பக்கம் எர்ணாகுளம், தேவரை. இன்னொரு பக்கம் மட்டாஞ்சேரி, தோப்பும்படி. தெற்கே காயலைத் தாண்டினால் பெரும்படப்பு, இடக்கொச்சி, நம்ம கும்பளங்கி. இத்தனை பேருக்கும் நடுவில் ஓடுதளம். 1936-ல் வந்து இறங்கியவை விசிறி வைத்த குட்டி விமானங்கள். பின்னால் ஜெட் வந்தது. ஓடுதளம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஜனங்களும் அப்படியே. மாறியது சத்தம் ஒன்றுதான்.

இந்த நிலைமை கொச்சிக்கு மட்டும் வந்ததல்ல. உலகம் முழுக்க ஒரே கேள்விதான் கிளம்பியது. என் வீட்டுக்கு மேலே இருக்கிற வானம் யாருடையது?

பழைய இங்கிலீஷ் சட்டத்தில் ஒரு கொள்கை உண்டு. நிலத்தின் சொந்தக்காரனுக்கு மேலே ஆகாயம் வரையும் கீழே பாதாளம் வரையும் உரிமை. மாட்டுவண்டிக் காலத்தில் இதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. விமானம் வந்தபின் இதை அப்படியே வைத்திருந்தால் கொச்சியிலிருந்து மும்பை போக லட்சம் பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் பிரிட்டன் 1920-ல் ஒரு சட்டம் போட்டது. நியாயமான உயரத்தில் பறக்கிற விமானத்தின் மேல் அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ வழக்குப் போட முடியாது. நம்ம நாட்டில் 1934-ல் வந்த விமானச் சட்டமும் 17-ஆம் பிரிவில் இதையே எழுதிவைத்தது. இன்னொரு பிரிவு, முப்படைகளின் விமானங்களுக்கும் தளங்களுக்கும் இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. ஆக, கும்பளங்கிக்காரருக்கு இரண்டு கதவும் சாத்தியாயிற்று :-) அந்தச் சட்டம் தொண்ணூறு வருஷம் ஓடி, 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டத்துக்கு இடம் விட்டது.

அமெரிக்காவில் மட்டும் ஒரு கோழிப் பண்ணைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார். வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ ஊருக்குப் பக்கத்தில் காஸ்பி என்ற குடும்பம். போர்க்காலத்தில் பக்கத்து ஓடுதளத்தை ராணுவம் வாடகைக்கு எடுத்தது. குண்டுவீச்சு விமானங்கள் அவர்கள் நிலத்துக்கு மேல் 83 அடி உயரத்தில் இறங்கின. மிரண்டு போன கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, மொத்தம் சுமார் 150 கோழிகள். பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. குடும்பத்துக்கும் தூக்கம் போயிற்று. 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகாயம் வரை உரிமை என்ற பழைய கொள்கை இந்தக் காலத்துக்குச் சரிவராது. ஆனால் நிலத்தை அனுபவிக்கவே முடியாத அளவுக்குத் தாழ்வாக, அடிக்கடி பறந்தால் அது அந்த நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது.

கவனிக்க வேண்டிய இடம் இது. பறப்பதை நிறுத்து என்று கோர்ட் சொல்லவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு என்றுதான் சொன்னது. எனக்கு இது வங்கிக்காரன் காதில் விழுகிற தீர்ப்பு மாதிரி இருக்கிறது. அதுவரை அந்தச் செலவு யார் கணக்கிலும் எழுதப்படாமல், பக்கத்தில் குடியிருப்பவர் தலையில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

1950-களின் கடைசியில் பெரிய ஜெட் விமானங்கள் வந்ததும் பிரச்னை உலகப் பிரச்னையாயிற்று. லண்டன் ஹீத்ரோவில் இரவு விமானங்களுக்கு 1962 முதல் கட்டுப்பாடு வந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1971-ல் தன் உடன்படிக்கைக்கு 16-ஆம் இணைப்பு என்று ஒன்றைச் சேர்த்தது. விமானம் எவ்வளவு சத்தம் போடலாம் என்பதை அதன் தயாரிப்பிலேயே அளந்து சான்று கொடுக்கும் முறை அப்படித்தான் தொடங்கியது. இன்றைய விமானங்கள் அந்தக் காலத்து விமானங்களைவிட எவ்வளவோ அமைதி என்றால், அதற்கு இந்த விதிகள் படிப்படியாக இறுகியது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒவ்வொரு விமானமும் அமைதியாக ஆக, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கடன் வட்டி குறைந்தது என்று சந்தோஷப்பட்டு இரண்டு லோன் சேர்த்து வாங்கின கதை.

ஜப்பானின் ஒசாகா கதை கொச்சிக்கு ரொம்பக் கிட்ட வருகிறது. அங்கே இத்தாமி என்ற விமான நிலையம், சுற்றி முழுக்க வீடுகள். 1969-ல் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-ல் உயர் நீதிமன்றம் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் கூடாது என்றது. 1981-ல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்க முடியாது என்று அந்தப் பகுதியை ரத்து செய்தது, ஆனால் அதுவரை பட்ட பாட்டுக்கு நஷ்டஈடு உண்டு என்றது. கோர்ட் தடையை எடுத்தாலும் அங்கே இன்றுவரை இரவு 9 மணிக்கு மேல் விமானம் இறங்குவதில்லை. இடையில் அரசு இன்னொரு வேலையும் செய்தது. கடலுக்குள் மண்ணைக் கொட்டித் தீவு உண்டாக்கி 1994-ல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தது. நாம் செயற்கைத் தீவிலிருந்து விமான நிலையத்தைக் கரைக்குக் கொண்டுபோனோம், அவர்கள் கரையிலிருந்து செயற்கைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள்!

சரி, நம்ம கொச்சிக்கு வருவோம்.

வெலிங்டன் தீவிலிருந்து பயணிகள் விமான நிலையம் போனதற்குக் காரணம் சத்தம் அல்ல. வளைகுடாவிலிருந்து வருகிற பெரிய விமானங்களுக்கு நீளமான ஓடுதளம் தேவைப்பட்டது. கடற்படைத் தளத்தை நீட்ட இடமும் இல்லை, சம்மதமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புது விமான நிலையம் என்ற யோசனை வந்தது. அரசிடம் பணம் இல்லை. அப்போது எர்ணாகுளம் கலெக்டராக இருந்த வி.ஜே. குரியன், வெளிநாட்டு மலையாளிகளிடமே பணம் திரட்டலாம் என்று இறங்கினார். 1994-ல் கம்பெனி பதிவானது. அரசும் தனியாரும் பொதுமக்களும் சேர்ந்து பங்குதாரர்களாகி இந்தியாவில் கட்டப்பட்ட முதல் விமான நிலையம் இதுதான். 3,400 மீட்டர் ஓடுதளம். 1999 மே 25-ல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்து வைத்தார். ஜூன் 10-ல் விமானங்கள் பறக்கத் தொடங்கின. இதற்காக நெடும்பாசேரிப் பக்கம் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டு மாறின என்பதையும் வரவு-செலவில் எழுத வேண்டும்.

கும்பளங்கிக்கு அன்றிலிருந்து பயணிகள் ஜெட் சத்தம் நின்றது. 2003-ல் இந்த ஊரை மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவித்தார்கள். சீனவலை, பொக்காளி வயல், இறால் கெட்டு, அமைதி என்றுதான் இன்று விருந்தாளிகளை அழைக்கிறார்கள். விமானங்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்திருந்தால் அந்த நாலாவது சரக்கு விற்றிருக்குமா?

ஆனால் விமான நிலையம் ஊருக்கு வெளியே போனால், ஊர் சும்மா இருக்குமா? பின்னாலேயே போகும். பெங்களூரில் தேவனஹள்ளி, ஹைதராபாத்தில் ஷம்ஷாபாத், இரண்டும் 2008-ல் திறந்தன. இரண்டையும் சுற்றி இன்று பார்த்தால் கட்டடம்தான். நெடும்பாசேரி, அத்தாணி, அங்கமாலி எல்லாம் அதே கதை. சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பொழிச்சலூர், பம்மல், மணப்பாக்கம், கொளப்பாக்கம் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தில் வயலும் ஏரியும்தான்.

இங்கேதான் அண்ணாச்சி வருகிறார்.

மட்டாஞ்சேரி பஜாரில் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிற தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷமாகக் கொச்சியில் இருக்கிறார். மகனுக்கு விமான நிலையத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. மகன் பெயரில் நெடும்பாசேரிப் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்க எங்கள் கிளையில் லோன் எடுத்தார்கள். ஃபைலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். வீடு புகுந்து நாலு மாதத்தில் அண்ணாச்சி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், பேரப்பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் வீறிட்டு எந்திக்கான். என் சம்சாரத்துக்குப் பிரஷர் ஏறிட்டு. பகல்ல போயி பாத்தோம், ஒண்ணும் தெரியல. நீங்க எல்லாம் பாத்துத்தான சார் லோன் குடுத்தீய?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நம்ம ஊர்க்காரன் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கையில் கேட்டார். அவர் போனபின் ஃபைலை எடுத்துப் புரட்டினேன். வக்கீலின் சட்டக் கருத்து, வில்லங்கச் சான்று, பொசஷன் சர்ட்டிபிகேட், இன்ஜினியரின் மதிப்பீடு, எல்லாம் இருந்தது. ஏர்போர்ட் அதாரிட்டி கொடுத்த உயரத் தடையில்லாச் சான்றும் இருந்தது. கட்டடம் இத்தனை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று தசமத்தோடு எழுதியிருந்தது. சத்தம் பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒரு வரியை யாரும் எங்களிடம் கேட்டதும் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விமானத்தைக் கட்டடத்திடமிருந்து காப்பாற்ற நம்மிடம் வெகுநாளாகச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புத் தளங்களைச் சுற்றிக் கட்டுமானத்தைத் தடுக்க 1903-லேயே சட்டம் வந்தது. 1972-ல் விமானச் சட்டத்தில் 9ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை கட்டடத்தையும் மரத்தையும் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அது தேவைதான், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் கட்டடத்துக்குள் இருப்பவரை விமானத்திடமிருந்து காப்பாற்றும் விதி எப்போது வந்தது?

2000-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. கோயில் ஸ்பீக்கர், கல்யாண மண்டபம், ஜெனரேட்டர் எல்லாம் இதற்குள் வரும். 2008-ல் டெல்லி விமான நிலையத்தில் புதிய ஓடுதளம் வந்ததும் வசந்த் குஞ்ச் போன்ற பகுதிக்காரர்கள் தூக்கம் போச்சு என்று குரல் எழுப்பினார்கள். படித்த, வசதியான, தலைநகரவாசிகள். அதனால் விஷயம் நாடு முழுக்கக் கேட்டது. கடைசியில் 2018 ஜூனில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'விமான நிலைய ஒலி மண்டலம்' என்பதற்குத் தனி அளவு அறிவித்தது. வருஷத்துக்கு 50,000-க்கு மேல் விமானங்கள் ஏறி இறங்கும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65 டெசிபெல். மற்றவற்றுக்கு 65, 60. நெடும்பாசேரி அந்த 50,000-ஐத் தாண்டிய நிலையம்.

ஆகக் கட்டடத்தின் உயரத்தை அளக்க 1972. குடியிருப்பவரின் காதை அளக்க 2018. நாற்பத்தாறு வருஷ இடைவெளி.

சரி, வந்ததே என்று திருப்திப்படலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். லாகரிதம் எனக்கு மறந்துவிட்டதால் பிளஸ் டூ படிக்கிற மகள் உதவினாள்.

இந்த 65 என்பது சராசரி. நம்ம சேமிப்புக் கணக்கில் மாதச் சராசரி இருப்புப் பார்க்கிற மாதிரி, இரவு முழுவதின் ஒலிச் சக்தியையும் சேர்த்து எட்டு மணி நேரத்தால் வகுக்கிறார்கள். ஒரு விமானம் தாழ்வாகக் கடக்கும்போது எழும் மொத்த ஒலியைச் சுருக்கி ஒரே விநாடியில் அடைத்தால் 90 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். தூங்குகிறவர் எழுந்திருக்கப் போதுமான சத்தம். இப்படிப் பத்து விமானம் ஒரு இரவில் போனால் சராசரி என்ன வரும் தெரியுமா? சுமார் 55 டெசிபெல்தான். 65-ஐத் தொட வேண்டுமானால் ஏறக்குறைய 90 விமானம் போக வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, விடிய விடிய!

அதாவது அண்ணாச்சியின் பேரன் இரவில் பத்து முறை எழுந்தாலும் விதி மீறப்படவில்லை. சராசரி இருப்பு சரியாக இருக்கிற கணக்கிலும் செக் திரும்பி வருவதுண்டு இல்லையா, அந்த மாதிரி.

இன்னொரு ஒப்பீடு. டெசிபெல்லில் 10 கூடினால் ஒலிச் சக்தி பத்து மடங்கு. குடியிருப்புக்கு 45, ஒலி மண்டலத்துக்கு 65 என்றால் வித்தியாசம் 20, அதாவது நூறு மடங்கு. உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரவு விமான ஒலி 40 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை திட்டமிட்ட விமானங்களே கூடாது என்பதை 2012-ல் நீதிமன்றம் உறுதி செய்தது.

நம்மால் அப்படி முடியுமா என்றால், யோசிக்க வேண்டும். வளைகுடா விமானங்களில் நிறைய நடுராத்திரியில்தான் வருகின்றன. அதில் வருகிறவர்கள் யார்? ஊரை விட்டுப் பிழைக்கப் போன ஜனங்கள். நம்மைப் போன்றவர்கள். என் தம்பியே மஸ்கட்டிலிருந்து வந்தால் அதிகாலை மூன்றரைக்குத்தான் இறங்குவான். அவனை ஆவலோடு அழைக்கப் போகிற நான்தான் அண்ணாச்சிக்காக இரவு விமானம் கூடாது என்று எழுத வேண்டும். இந்த வழக்கில் வாதியும் நாமே, பிரதிவாதியும் நாமே.

அதனால் சர்வதேச அமைப்பு 2001-ல் சொன்ன நாலு வழிகள் எனக்கு நியாயமாகப் படுகின்றன. அமைதியான விமானங்களைக் கொண்டுவருவது. விமான நிலையத்தைச் சுற்றி என்ன கட்டலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. ஏறும் இறங்கும் முறைகளை மாற்றுவது. இவை போதாதபோது விமானங்களைக் கட்டுப்படுத்துவது. இதில் இரண்டாவதுதான் செலவு குறைந்தது, ஆனால் நேரத்தோடு செய்ய வேண்டியது. வீடு எழும்பிய பிறகு கோடு போட்டுப் பிரயோஜனமில்லை. 2022-ல் பரந்தூரில் சென்னைக்குப் புதிய விமான நிலையம் என்று அறிவித்தார்கள். நிலத்தை இழக்கும் ஏகனாபுரம் மக்களின் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். நிலம் போகாமல் வேலிக்கு வெளியே இருக்கப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே நிலையம் வருமானால் ஒலி வரைபடத்தை மனைப் பிரிவு போடுவதற்கு முன்பே வரைந்து, பத்திரப் பதிவு அலுவலகத்திலும் பஞ்சாயத்திலும் ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணாச்சிக்கு நான் என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஃப்ளாட்டுக்குப் போய் இரவு தங்கினேன். இரண்டே காலுக்கு முதல் விமானம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பேரன் அழ, அந்த அம்மா எழுந்து விளக்கைப் போட்டார்கள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு படுக்கையறையை ஓடுதளத்துக்கு மறுபக்க அறைக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட ஒரு சின்ன டாப்-அப் லோன் கொடுத்தேன். ஜன்னலைச் சாத்தினால் ஏ.சி. வேண்டும், ஏ.சி. போட்டால் கரண்ட் பில். சத்தத்தின் செலவு இப்போதும் அண்ணாச்சி கணக்கில்தான் விழுகிறது. பையன் இப்போது ஒரு முறைதான் எழுகிறானாம்.

இப்போதெல்லாம் விமான நிலையம் பக்கத்தில் வீடு வாங்க யாராவது லோன் கேட்டு வந்தால், படிவத்தில் இல்லாத மூன்று விஷயம் சொல்கிறேன். ஓடுதளத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் நேர்கோடு போட்டு வீடு அந்தக் கோட்டில் விழுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்; பக்கவாட்டில் இருக்கிற வீட்டுக்குத் தொல்லை குறைவு. காற்றின் திசைப்படி இறங்கும் முனை மாறும் என்பதால் மழைக்காலத்தில் ஒரு முறை, பனிக்காலத்தில் ஒரு முறை விசாரியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு இரவு தங்கிப் பாருங்கள், முக்கியமாக நடுராத்திரியிலிருந்து நாலு மணி வரை.

போன வாரம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள், நாகர்கோவில் பக்கம். தங்கிப் பாருங்கள் என்றதும் பையன் சிரித்தான். "சார், பேங்க்ல இதெல்லாமா சொல்லுவாங்க?" என்றான்.

சொல்ல வேண்டியிருக்கிறது தம்பி. கும்பளங்கியில் அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.